ஓகஸ்டில் பிள்ளைகளோடு முல்லைத்தீவுக் கடலில் தூண்டில் போடப் போகலாமா?

ரொறன்ரோவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஓகஸ்டில் இரண்டு கிழமை வன்னியில் நிற்கப் போகிறார்கள். 11 வயது மகன், 7 வயது மகள், மனைவி, 70 தாண்டிய அப்பா. ஒரு நாளாவது உள்ளூர்த் தொழிலாளி ஒருவரோடு படகில் போய்க் கரையோரக் கடலில் தூண்டில் போட வேண்டும் என்பது ஆசை. முல்லைத்தீவு நல்லதா, மன்னார் நல்லதா, யாரைப் பிடிப்பது, என்ன மீன் படும் என்று கேள்விகள் நீள்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. அறிமுகமில்லாத ஒருவரை நம்பி மூன்று தலைமுறையையும் தண்ணீருக்குக் கூட்டிப் போய், எல்லோரையும் சுகமாகவும் சந்தோசமாகவும் கரைக்குக் கொண்டுவர முடியுமா? அதற்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன்.

நான் முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்து வளர்ந்தவன். இப்போது தொழிலுக்குப் போவது குறைவு. இளம் பெடியளுக்கு எஞ்சின் வேலையும் கடலில் பாதுகாப்பாக நடப்பதையும் பழக்குகிறேன். விடுமுறைக்கு வரும் குடும்பங்களைக் கூட்டிப் போவதும் பல வருடப் பழக்கம். அதனால் கிழக்குக் கரையைப் பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மன்னார்ப் பக்கக் கடலை நான் அறிந்தது அங்கே தொழில் செய்யும் உறவுக்காரர் வழியாக. அந்தக் கரைக்குப் போவதென்றால் அந்த ஊர்த் தொழிலாளியின் சொல்லை என் சொல்லுக்கு மேலாக வையுங்கள்.

முதலில் சுருக்கமான பதில். போகலாம். ஓகஸ்டில் என்றால் கிழக்குக் கரைக்கு, முல்லைத்தீவுப் பக்கமாகப் போங்கள். விடியப் புறப்பட்டு வெயில் ஏறமுன் கரைக்கு வந்துவிடுங்கள். படகில் நீங்களும் மகனும் போதும். மகளுக்கும் அப்பாவுக்கும் களப்பிலும் (கடலை ஒட்டிய உவர்நீர் ஏரி) கரையிலும் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். அது படகை விடக் குறைந்த நாள் இல்லை.

ஏன் கிழக்கு என்பதற்குக் காற்றுதான் காரணம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை இங்கே தென்மேற்குக் காற்று. நாங்கள் கச்சான் என்போம். தெற்கில் கூடச் சரிந்தால் சோளகம். மன்னார், விடத்தல்தீவு, நாச்சிக்குடா, பூநகரி எல்லாம் அந்தக் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கிற கரைகள். பாக்கு நீரிணைக் கடல் ஆழம் குறைந்தது. ஆழமில்லாத கடலில் காற்று அடித்தால் அலை உயராது, ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி வரும். படகு ஓயாமல் குத்தும், பிள்ளைகள் நனைந்துகொண்டே இருப்பார்கள், பத்து நிமிடத்தில் சத்தி எடுக்கத் தொடங்கிவிடும். முல்லைத்தீவுக் கரையில் அதே காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகிறது. கரையோரம் அலை அடங்கியிருக்கும். மார்கழி விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நிலைமை தலைகீழ்: அப்போது வாடைக்காற்றும் மழையும் கிழக்குக் கரையை மூடிவிடும், மேற்கே கொஞ்சம் மறைப்புக் கிடைக்கும். மாசி கடைசியிலிருந்து சித்திரை வரை இரண்டு கரையும் பெரும்பாலும் சாந்தமாக இருக்கும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை அப்போது வராது என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

இந்த அடங்கிய கடலில்தான் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். காற்று தரையிலிருந்து அடிக்கும்போது கரையில் நிற்பவரின் கண்ணுக்குக் கடல் குளம் மாதிரித் தெரியும். ஆனால் காற்று படகை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. எஞ்சின் நின்றுவிட்டால் படகு கரைக்கு வராது, ஆழத்துக்குப் போகும். கரையிலிருந்து விலக விலக அலையும் பெருக்கும். மிதக்கிற ரப்பர் மெத்தை, காற்றடைத்த வளையம் எதையும் பிள்ளைகளுக்குக் கச்சான் காலத்தில் இந்தக் கடலில் கொடுக்கவே வேண்டாம். பெரியவர் நீந்திப் பிடிக்கும் வேகத்தை விட வேகமாக அது போய்விடும். புறப்படுமுன் நீங்களே கரையில் நின்று பாருங்கள். பனை ஓலை சலசலத்து ஒரு பக்கமாகவே சரிந்து நிற்கிறதா, மணல் காலில் வந்து குத்துகிறதா என்று கவனியுங்கள். பிறகு கண்ணைத் தூரக் கடலுக்குக் கொண்டுபோங்கள். ஓரம் வெளுத்துத் தட்டையாக இருந்து, கொஞ்சம் தள்ளி நீர் கறுத்து அங்கங்கே நுரை வெடித்தால், அன்று படகு வேண்டாம்.

விடியலில் காற்றுத் தணிந்து, வெயில் ஏற ஏறப் பலக்கிற நாட்கள்தான் அதிகம். அதனால்தான் காலை 6 மணிக்குள் இறங்கி 9 மணி, மிஞ்சினால் 9.30க்குள் ஏறிவிட வேண்டும் என்கிறேன். எல்லா நாளும் அப்படித்தான் என்று உறுதி சொல்ல மாட்டேன். இரவிரவாக அடித்து விடியலிலும் ஓயாத கச்சானும் உண்டு. கச்சான் தளர்ந்த நாளில் பின்னேரம் கடற்காற்று எதிர்ப்பக்கமாக எழும்புவதும் உண்டு. வளிமண்டலவியல் திணைக்களம் தினமும் கடலுக்கான முன்னறிவிப்பு வெளியிடுகிறது, தொழிலாளருக்கான எச்சரிக்கையும் அதில் வரும். முதல்நாள் இரவு அதைப் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் காற்று என்று இருந்தால் பிள்ளைகளோடு போகாதீர்கள். இது என்னுடைய அளவு. தொழிலுக்குப் போகிறவர் அதை விடக் கூடிய காற்றிலும் போவார். அவருக்குப் பிழைப்பு, உங்களுக்கு ஒரு காலைப் பொழுது.

நீர்மட்டத்தைப் பற்றி அவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. எங்கள் கரையில் வத்துக்கும் பெருக்குக்கும் இடையே உயர வித்தியாசம் அதிகம் போனால் இரண்டு அடி. அமாவாசையையும் பறுவத்தையும் ஒட்டிய நாட்களில் நீரோட்டம் கொஞ்சம் இழுக்கும், ஈயம் அடியில் நிற்காது. அட்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் இழுப்புக் குறைவு. முதல்முறை தூண்டில் பிடிக்கிற பிள்ளைக்கு அதுவே சுகம்.

அடுத்தது ஆள். தெற்கிலும் திருகோணமலையிலும் உல்லாசப் பயணிகளைத் தூண்டிலுக்குக் கூட்டிப் போவதையே தொழிலாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வன்னிக் கரையில் அது இன்னும் ஒரு தொழிலாக வளரவில்லை. இங்கே உங்களுக்கு வழிகாட்டியாக வரப்போவது, நேற்று வலை போட்டு நாளைக்கும் வலை போடப் போகிற ஒரு மனிதர். அவரைக் கண்டுபிடிக்க நேர் வழி அந்தந்தக் கரையோரக் கிராமத்தில் இருக்கும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். சொந்தக்காரர் ஒருவரோடு சங்கத்துக்குப் போய், பிள்ளைகளையும் கூட்டிப் போவதாகத் தெளிவாகச் சொல்லுங்கள். பதிவுள்ள படகு யாரிடம் இருக்கிறது, நிதானமான ஆள் யார் என்று அவர்களுக்குத் தெரியும். தொழிலாளர் அல்லாதவர்களையும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரரையும் ஏற்றுவதென்றால் கடற்படைக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டியது உண்டா, யார் சொல்வது என்பதையும் அங்கேயே கேட்டு முடித்துவிடுங்கள். இதைப் படகுக்காரரின் தலையில் கட்டிவிட்டுப் போகக் கூடாது. பிரச்சினை வந்தால் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அவர் அதே துறையில்தான் நாளைக்கும் படகு தள்ள வேண்டும்.

ஆளைத் தெரிவு செய்ய நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. பேசும்போது, "அண்ணை, காத்து எழும்பினா என்ன செய்வீங்கள்?" என்று கேளுங்கள். "அதெல்லாம் பயப்படாதேங்கோ, நான் பாத்துக்கொள்ளுவன்" என்று சொல்கிறவர் நல்ல தொழிலாளியாக இருக்கலாம், பிள்ளைகளோடு போக அவர் வேண்டாம். "காத்தெண்டா போறேல்லை, அடுத்த நாள் பாப்பம்" என்று சொல்கிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூலி போய்விடுமே என்று பாராமல் வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்தான் உங்கள் பிள்ளைக்குத் தேவையான ஆள். அந்த வாயை அடைக்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு. முதலிலேயே சொல்லிவிடுங்கள்: காற்றுக் காரணமாக நின்றுபோனாலும் அன்றைய நாளுக்கு ஒரு தொகை தருவோம் என்று. எண்ணெய்ச் செலவு, அவருடைய நாள் உழைப்பு, உதவிக்கு வரும் தம்பியின் கூலி மூன்றையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசுங்கள். படும் மீனுக்கு ஏற்பக் காசு என்று மட்டும் பேச வேண்டாம். அப்படிப் பேசினால் மீன் படாதபோது அவர் இன்னும் தூரம் போகப் பார்ப்பார். பேரம் பேசாதீர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது. ரொறன்ரோவில் ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் கொடுக்கிற காசு இங்கே ஒரு வீட்டுக்கு எத்தனை நாள் உலை வைக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை கேட்காதீர்கள். எங்கள் கரையில் கத்தோலிக்கத் தொழிலாளர் நிறையப் பேர். அன்று பூசைக்குப் போவார்கள், கடலுக்கு இறங்க மாட்டார்கள். கோவில் திருவிழா நாட்களும் அப்படித்தான். சங்கத்தில் நாள் பேசும்போதே இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படகு பெரும்பாலும் பதினெட்டரை அடிப் பைபர் படகு, பின்னால் ஓர் எஞ்சின். வலையும் மீனும் ஏற்றக் கட்டிய படகு அது. சாய்ந்து உட்கார இடம் இல்லை, நிழல் இல்லை. படகுக்காரர், உதவியாள் உட்பட ஐந்து பேருக்கு மேல் ஏறக் கூடாது என்பேன். ஏறுமுன் நாலு பொருளைக் கண்ணால் பாருங்கள்: துடுப்பு, கயிற்றோடு நங்கூரம், தண்ணீர் இறைக்கும் வாளி, இரண்டாவது தொலைபேசி. கச்சானில் எஞ்சின் நின்றால் முதலில் போட வேண்டியது நங்கூரம்தான். கரையோரம் ஆழம் குறைந்த இடத்தில் தூண்டில் போடுவதால் அது அடியைப் பிடிக்கும், படகு வெளியே போகாமல் நிற்கும். பக்கத்தில் இன்னொரு படகும் தொழிலுக்கு நிற்கிற இடமாகப் போகச் சொன்னால் இன்னும் நல்லது.

உயிர்காப்பு அங்கியை அங்கிருந்தே கொண்டுவாருங்கள். இங்கே பெரியவர்களுக்கான அங்கி தேடினால் கிடைக்கும், சிறுபிள்ளைக்கான அளவு கிடைப்பது அரிது. பெரியவரின் அங்கியைப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் விழுந்ததும் அங்கி மேலே போகும், பிள்ளை கீழே வழுகும். பிள்ளையின் எடைக்கு ஏற்றதாக, கால்களுக்கு நடுவே வார் பூட்டுகிற வகையாக வாங்குங்கள். தோள் பக்கத்தில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அங்கி காதுக்கு மேல் வந்தால் அளவு சரியில்லை. நீங்களும் போட வேண்டும். படகுக்காரர் போட மாட்டார். எங்கள் தொழிலாளர் பலருக்கு அந்தப் பழக்கம் இல்லை, நான் சொல்லிச் சொல்லிக் களைத்த விசயம் இது. அவருக்கும் ஒன்று கொண்டுவந்து கையில் கொடுத்துப் பாருங்கள். போகும்போது அதை அவரிடமே விட்டுவிட்டுப் போங்கள்.

இறங்குவதும் ஏறுவதும்தான் அடி படுகிற நேரம். முல்லைத்தீவுக் கடற்கரை சரிந்து இறங்கும், அலை கரையில் வந்து குத்தி உடையும். படகைத் தள்ளி இறக்கும்போது படகுக்காரர் சொல்கிற இடத்தில் இருங்கள், கையை விளிம்புக்கு வெளியே விடாதீர்கள். திரும்பி வரும்போது அணியம், அதாவது படகின் முன்பக்கம், மணலில் தட்டியதும் பிள்ளைகள் குதிக்கப் பார்ப்பார்கள். விடக் கூடாது. அடுத்த அலை படகைத் தூக்கி முன்னால் எறியும். படகுக்கும் கரைக்கும் நடுவே யாருமே நிற்கக் கூடாது. உங்கள் அப்பாவைப் படகில் ஏற்ற வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இந்த இடம்தான் காரணம், கடல் இல்லை.

இனித் தூண்டில். கோலும் சில்லும் கொண்டுவர வேண்டியதில்லை. படகில் கைத்தூண்டில்தான் வசதி, பிள்ளைக்கு அதில்தான் மீன் கையில் பேசும். வெற்றுப் பிளாஸ்டிக் போத்தலில் தங்கூசி (நைலோன்) நூலைச் சுற்றி, நுனியில் ஈயம் கட்டி, அதற்கு ஒரு சாண் மேலே ஒன்றோ இரண்டோ தூண்டில் கட்டியிருப்பார்கள். இறாலை உரித்து முள்ளு மறைய ஏற்றுவது வழக்கம். கணவாய்க் கீற்று இறாலை விட நல்லது. சின்ன மீன் கொத்திக் கொத்திப் பிடுங்கினாலும் கழன்று போகாது. ஈயத்தை விட்டுக்கொண்டே போக, நூல் இழுக்கிறது நின்று தளரும். அடி தட்டிவிட்டது. அங்கிருந்து ஒரு சாண் தூக்கி, நூலைச் சுட்டுவிரலின் முதல் மடிப்பின் மேல் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். முதலில் ஒரு சிறு தட்டு வரும், பிறகு இன்னொன்று. அதற்குச் சுண்டினால் இரை மட்டும் போகும். நூல் பாரமாகிக் கீழே இழுக்கிற நேரம் வரும், அப்போது ஒரு முழம் சுண்ட வேண்டும். பெரியவர்கள் பக்கத்தில் இருந்து "இப்ப இழு, இப்ப இழு" என்று கத்தாமல் விட்டால், 11 வயதுப் பிள்ளை கொஞ்ச நேரத்திலேயே இந்த வித்தியாசத்தை விரலால் பிடித்துவிடும். விரலுக்கு ஒரு துணிச்சுற்றோ பழைய கையுறையோ போட்டுவிடுங்கள், நூல் அறுக்கும். தூண்டிலின் எதிர்முள்ளைக் குறட்டால் நெரித்துத் தட்டையாக்கிவிடுங்கள். ஒன்றிரண்டு மீன் கழரும். ஆனால் தூண்டில் யாருடைய தோலில் ஏறினாலும் சுகமாக வெளியே வரும். கண்ணுக்குப் பக்கத்தில் ஏறினால் தொடவே கூடாது, அப்படியே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

என்ன படும் என்றால், கல்லுப் பார் உள்ள இடத்தில் விளைமீன், கலவாய், சின்னப் பாரை. மணல் அடியில் கிளக்கன். ஓடுகிற படகின் பின்னால் நூலை விட்டு இழுத்தால் சீலா, அதிர்ஷ்டம் இருந்தால் அறக்குளா. இவை எல்லாம் எங்கள் கரையில் படுகிற மீன்கள் என்பது நிச்சயம். அன்று காலை உங்கள் பிள்ளையின் தூண்டிலில் படுமா என்பதை யாரும் சொல்ல முடியாது. நிச்சயம் மீன் படும் என்று சொல்லிக் கூட்டிப் போகிறவரை நம்ப வேண்டாம். பிள்ளைகளுக்கும் அப்படிச் சொல்லிக் கூட்டி வராதீர்கள். கடல் பார்க்கப் போகிறோம், தூண்டிலும் போடுவோம் என்று சொல்லுங்கள்.

படுகிற எந்த மீனையும் படகுக்காரர் தொட்டுப் பார்த்துச் சொல்லும்வரை பிள்ளைகள் கை வைக்கக் கூடாது. ஓரா மீன் பார்க்க அழகாகச் சின்னதாக இருக்கும். அதன் முதுகிலும் வயிற்றிலும் உள்ள முள் எல்லாம் விஷம். கெளிற்றின் மூன்று முள்ளும், திருக்கையின் வால் முள்ளும் அப்படித்தான். குத்தினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். இதற்கு உறுதியான கைமருத்துவம் சுடுதண்ணீர். குத்துப்பட்ட இடத்தைக் கை பொறுக்கிற சூட்டில், ஏறத்தாழ 45 பாகையில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்க்க வேண்டும், பிள்ளையின் தோல் வெந்துவிடக் கூடாது. தேத்தண்ணிக்குக் கொண்டுபோவதைத் தவிர இன்னொரு சுடுதண்ணீர்ப் போத்தலையும் படகில் வைத்திருங்கள். திருக்கை முள் ஆழமாக ஏறி உள்ளே நின்றால் பிடுங்காமல் முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். மாஞ்சோலை வைத்தியசாலை என்றால் எல்லோருக்கும் தெரியும். இலவச அம்புலன்சுக்கு 1990. பேத்தை மீன் பட்டால் வயிறு ஊதி நிற்கும், பிள்ளைகளுக்கு விளையாட்டாகத் தெரியும். பார்த்துவிட்டுக் கடலில் விடுங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. ஆமை வந்தால் விட்டுவிட வேண்டும், அது சட்டம்.

கடல் மயக்கம் வரும் பிள்ளையை வெறும் வயிற்றோடும் கூட்டிப் போகாதீர்கள், வயிறு முட்டவும் கொடுக்காதீர்கள். இரண்டு துண்டு பாண், ஒரு வாழைப்பழம் போதும். படகின் நடுவில் இருத்தி, கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து கொடுப்பதென்றால் அங்கேயே உங்கள் வைத்தியரிடம் கேட்டு வாங்கி, வீட்டில் ஒருநாள் கொடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். நீளக் கைச் சட்டையும், நாடி கட்டுகிற தொப்பியும், ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீரும் கட்டாயம்.

மகளுக்கும் அப்பாவுக்கும் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் என்று எங்கள் பக்கம் கடலை ஒட்டியே களப்புகள். மாரியில் முகத்துவாரம் உடைத்துக் கடலோடு கலக்கும், கோடையில் மணல் அடைத்துவிடும். ஓகஸ்டில் தண்ணீர் வற்றி, உப்பு ஏறி, வெயிலில் சூடாகிக் கிடக்கும். அந்த நேரத்தில் மீன் அதிகம் நடமாடுவது விடியலிலும் பொழுதுபடுகிற நேரத்திலும்தான். வட்டுவாகல் பாலத்தடியில் விடிய நின்றால் வீச்சுவலைக்காரர் இடுப்பளவு நீரில் நிற்பது தெரியும். வலையின் ஓரத்தைப் பல்லில் கடித்து, ஒரு பங்கைத் தோளில் போட்டு, உடம்பைத் திருப்பி எறிகிறபோது அது வட்டமாக விரிந்து விழும். அதைப் பார்க்க ஒரு பிள்ளைக்கு அலுக்காது. ஒருவரோடு பேசி வைத்தால், வலையில் வந்த மணலையையும் இறாலையும் உங்கள் மகள் வாளியில் எண்ணிப் போடலாம். மீன் தலையை நூலில் கட்டிக் கரையோரம் விட்டு நண்டு இழுப்பதும் 7 வயதுக்குப் பொருத்தமான வேலை. நண்டு இரையைக் கவ்விக்கொண்டு வரும், மெதுவாக இழுத்துக் கைவலையால் அள்ள வேண்டும்.

களப்பில் உள்ளூர் ஆளோடுதான் இறங்க வேண்டும். வன்னிக் களப்பிலும் குளத்திலும் முதலை உண்டு. எந்த ஓரத்தில் முதலை ஏறுகிறது, எங்கே சேறு ஆளை விழுத்தும் என்பது அங்கே தொழில் செய்கிறவருக்குத்தான் தெரியும். கொக்கிளாய்க் களப்பு வனவிலங்குச் சரணாலயம், சுண்டிக்குளம் தேசியப் பூங்கா. நந்திக்கடலும் நாயாறும் பாதுகாக்கப்பட்ட இடங்களின் பட்டியலில் உள்ளவை. பரம்பரையாகத் தொழில் செய்கிறவர்களோடு நின்று பார்ப்பது ஒன்று, வெளியாள் தானாகப் போய்த் தூண்டில் போடுவது வேறு. இரண்டாவதைச் செய்ய வேண்டாம்.

அப்பாவுக்குக் கரைவலை. எங்கள் கரையில் கடல் அடங்கிய இந்த மாதங்கள்தான் கரைவலைக் காலம். வலையை வளைத்துப் போட்டு இரண்டு பக்கமும் கயிறு இழுத்துக் கொண்டுவருவதற்கு மணித்தியாலக் கணக்கில் ஆகும். உழவு இயந்திரத்தால் இழுக்கிற இடமும் இப்போது உண்டு. கையால் இழுக்கிற இடமாகக் கேட்டுப் போங்கள். தொழிலாளரின் குடிலான வாடி நிழலில் ஒரு கதிரை போட்டு அப்பாவை இருத்திவிட்டால், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியோடு பழைய கதை பேசி அவர் பொழுது போய்விடும். வயதான ஆட்கள் சிலருக்கு, வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு இன்னும் மறக்கவில்லை. அப்பா கேட்டால் பாடுவார்கள், நீங்கள் தொலைபேசியை நீட்டிக்கொண்டு கேட்டால் பாட மாட்டார்கள். பிள்ளைகள் கயிறு பிடிக்கலாமா என்று சம்மாட்டியிடம் கேளுங்கள், பெரும்பாலும் ஓம் என்பார். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்க மட்டும் விட வேண்டாம். உழவு இயந்திரம் இழுக்கிற கயிற்றுக்குக் கிட்டவே விடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வட்டுவாகல், முள்ளிவாய்க்கால், மாத்தளன் கரை 2009இல் என்ன கண்டது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். மிதிவெடி அகற்றும் வேலை நிறைய நடந்திருக்கிறது, ஆனால் மணலுக்குள்ளும் களப்புச் சேற்றிலும் துருப்பிடித்த இரும்பு இன்னும் வெளிப்படுகிறது. ஆள் நடமாடுகிற பாதையை விட்டு விலகாதீர்கள். பிள்ளைகள் மணல் தோண்டி விளையாடுவதென்றால் தொழில் நடக்கிற துறையில் மட்டும். எந்த உலோகத் துண்டையும் தொடக் கூடாது, கண்டால் பெரியவரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள். உங்களைக் கூட்டிப் போகிற மனிதர் சுனாமியிலோ யுத்தத்திலோ, இரண்டிலுமோ சொந்தங்களை இழந்தவராக இருக்கலாம். அவராகச் சொன்னால் கேளுங்கள். நீங்களாகத் துருவ வேண்டாம், பிள்ளைகளையும் துருவ விட வேண்டாம். அவருக்கு அன்று உங்கள் மகனுக்குத் தூண்டில் பழக்குவது நல்ல வேலை, அதைச் செய்ய விடுங்கள்.

கரைக்கு வந்தபின் சாப்பாடு. மீன் பட்டாலும் படாவிட்டாலும் காலையில் துறையில் மீன் வாங்கலாம். யாராவது ஒருவர் வீட்டில் கேட்டு ஒடியற் கூழ் காய்ச்சச் சொல்லுங்கள். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் போட்டு, செத்தல் மிளகாயும் புளியும் கரைத்துக் காய்ச்சுவார்கள். பிள்ளைகளுக்கு உறைப்பைப் போடுமுன் கொஞ்சம் தனியாக எடுத்து வைக்கச் சொல்லி, சமைக்கிற அக்காவிடம் முதலிலேயே சொன்னால் மனம் கோணாமல் செய்து தருவார். மகன் பிடித்த மீன் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதையும் அந்தப் பானைக்குள் போடச் சொல்லுங்கள். மிகக் குஞ்சாக இருந்தால் படகிலேயே திருப்பி விடப் பழக்குங்கள். படகுக்காரர் அதைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்.

வரும் வழி, ஏ9 வீதியில் மாங்குளத்தில் திரும்பினால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர். விடிய இறங்குவதென்றால் முதல்நாள் இரவே முல்லைத்தீவிலோ முள்ளியவளையிலோ தங்குவது நல்லது. நித்திரை குறைந்த பிள்ளைக்குக் கடல் மயக்கம் சீக்கிரம் வரும்.

நாளைப் பற்றி ஒன்று. இரண்டு கிழமைப் பயணத்தில் ஒரே ஒரு நாளைக் குறித்து வைத்துவிட்டு, அன்று காற்று என்றாலும் போயே ஆக வேண்டும் என்று நிற்கிறவர்கள்தான் எனக்குப் பயம். வந்த முதற் கிழமையிலேயே சங்கத்துக்குப் போய் ஆளைப் பேசி, அடுத்தடுத்த மூன்று விடியல்களை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள். முதல் விடியலில் காற்றாக இருந்தால் அன்று வட்டுவாகலுக்குப் போங்கள், கரைவலை பாருங்கள். படகுக்காரர் சரி என்று சொல்கிற விடியலில் இறங்குங்கள். மூன்று நாளும் அவர் வேண்டாம் என்றால் பேசிய காசைக் கொடுத்துவிட்டு, சித்திரையில் எப்போதாவது வர முடியுமா என்று பாருங்கள்.